அரிக்காத தலைக்கு ஒரு சீட்டு

அன்பு மகள் ரப்பருக்கு,

இறைவனின் ஸலாம் உன்மீது உண்டாகட்டும். இங்கே நாங்கள் நலம், நீயும் உன் இரண்டு முழங்கால்களும் நலமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்கதை பிறகு. உன் விஷயத்தில் அந்த நாட்டு வாலிபால் லீக்கின் விதிக்குழு நேற்று முடிவெடுத்துவிட்டது. மதக் காரணத்துக்காகத் தலையை மூடிக்கொண்டு ஆட அனுமதி இல்லை. மருத்துவக் காரணத்துக்காக மூடிக்கொண்டால் தடையில்லை. இன்று காலை தொலைபேசியில் என்னிடம் இதைச் சொன்னவர் அந்தக் குழுவின் செயலாளர். சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன், அதனால் அம்மா தப்பாகக் காதில் வாங்கியிருப்பாளோ என்று நினைக்காதே. எழுத்தில் இன்னும் உன் கிளப்புக்கே போகவில்லை, நாளையோ மறுநாளோ போகுமாம். மற்றவர் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் என் கையால் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை நெட்டையிடம் கொடுத்து ஸ்கேன் செய்து இன்றைக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உன் தம்பி எதையும் படிக்காமல் அனுப்புகிறவன், அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

செயலாளரிடம் நான் செய்தியாளர் என்று சொல்லவில்லை, அந்தப் பெண்ணின் அம்மா என்றே சொன்னேன். சொந்த மகள் விஷயத்தில் பத்திரிகை அட்டையை நீட்டக்கூடாது, தவிர நான் எழுதுவது நீதிமன்றமும் மாநகராட்சியும், விளையாட்டு என் பக்கம் இல்லை. அம்மா என்றதும் மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஆகிவிட்டார், அவர் இங்கிலீஷில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். 'உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா, எனக்கும் பொண்ணு இருக்கா' என்றார். இந்த வாக்கியத்தை அதிகாரிகள் வாயிலிருந்து முப்பது வருஷமாகக் கேட்டுவருகிறேன், இதற்குப் பின்னால் நல்லது எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. பிறகு விதியைப் படித்தார். ஓர் அணியில் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தெரியவேண்டுமாம். அப்படியானால் என் மகளுக்கு மட்டும் ஏன் வேறு நிறத்தில் சட்டை கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். எனக்கு வாலிபால் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார், 'அவ லிபரோங்கம்மா, பின்னால நின்னு விழற பந்தை எடுத்துக் குடுக்கறவ. அவ தனியாத் தெரியணும்கறதுதானே விதி.' அதையும் எழுதிக்கொண்டேன். ஆக, கழுத்து வரைக்கும் நீ தனியாகத் தெரியாவிட்டால் தப்பு, கழுத்துக்கு மேலே தனியாகத் தெரிந்தால் தப்பு. அதற்கப்புறம், 'வீட்ல யாரு கட்டச் சொன்னது, நீங்களா அவங்க அப்பாவா' என்று கேட்டார். நான் வேலைக்குப் போகும்போது தலையை மூடுவதில்லை என்றேன். பாவம், என்னை வைத்துப் போட்டிருந்த கணக்கு தப்பிப்போயிற்று. கல்லூரியில் இரண்டாம் வருஷம் நீ தலையில் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது நானும் இதைத்தான் கேட்டேன். 'யாரும் சொல்லலம்மா, எனக்கே தோணுச்சு' என்றாய். ஒரு கேள்வி, ஒரு பதில், அத்தோடு முடிந்தது. இவர்கள் குழு போட்டு, கூட்டம் போட்டு, உன் கிளப்பைக் கேட்டு, பயிற்சியாளரைக் கேட்டு, கடைசியில் என்னையும் கேட்டுவிட்டார்கள். உன்னைக் கேட்டீர்களா என்றேன். 'அவங்க இன்னும் நேர்ல வரலியே' என்றார். வரச் சொன்னீர்களா என்றேன். 'அது நடைமுறையில இல்லம்மா' என்றார்.

போனை வைக்கும் முன்னால்தான் சீட்டுப் பேச்சை எடுத்தார். 'அம்மாங்கறதால சொல்றேன், ஒரு டாக்டர் சீட்டு வாங்கிக் குடுத்துடச் சொல்லுங்க. தலைத் தோல்ல ஏதோ கோளாறு, மூடித்தான் வைக்கணும்னு இருந்தாப் போதும். அதே துணி, அதே கட்டு. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்' என்றார். என்னிடமிருந்து நன்றியை எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரியாது, நீ அனுப்பிய குரல் பதிவில் இந்தச் சீட்டு ஏற்கெனவே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. குழு முடிவெடுப்பதற்கு நாலு நாள் முன்னாலேயே உன் பயிற்சியாளர் உன்னை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார் என்றால், முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்பதை நீயே யோசித்துக்கொள்.

அந்தப் பதிவை மூன்று தரம் கேட்டேன். 'தலையில அரிப்பு உண்டா' என்று டாக்டர் கேட்டது, இல்லை என்று நீ சொன்னது, 'இனிமே உண்டு' என்று அவர் சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தது, துணியை அவிழ்த்துப் பார்க்கக்கூட இல்லை என்று நீ சொல்லும்போது உன் குரல். அவிழ்த்துப் பார்க்காதது மரியாதை என்று பயிற்சியாளர் சொன்னாராம். நோயே இல்லை என்று தெரிந்த இடத்தில் எதைப் பார்ப்பது, அதில் என்ன மரியாதை. பயிற்சியாளர் நல்லவர், உனக்காகக் கண் கலங்கினார் என்கிறாய். இருக்கட்டும். கண் கலங்குகிறவர்கள் எதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்துப் பழகிவிட்டேன், அதனால் எனக்கு அவர்மேல் கோபமும் இல்லை நம்பிக்கையும் இல்லை.

சீசன் டிக்கெட்டுக்கு உன் கிளப் போட்ட போஸ்டரை நெட்டை காட்டினான். போன வருஷம் இரண்டாம் பிரிவில் ஆடியபோது எடுத்த படம், தரையோடு தரையாக நீ பாய்ந்து ஒற்றைக் கையில் பந்தை எடுக்கிறாய், தலைத்துணி பளிச்சென்று தெரிகிறது. கீழே, எல்லோருக்கும் இங்கே இடமுண்டு என்று கொட்டை எழுத்து. இடம் பென்ச்சில் என்று அடியில் பொடி எழுத்திலாவது போட்டிருக்கலாம். இரண்டாம் பிரிவில் இரண்டு வருஷம் இதே துணியோடு ஆடினாய், யார் கண்ணையும் உறுத்தவில்லை. நீ விழுந்து விழுந்து எடுத்த பந்துகளால் அணி முதல் பிரிவுக்கு வந்தது, வந்ததும் உன் தலை தெரிய ஆரம்பித்துவிட்டது.

முதல் ஆட்டத்தை நானும் உன் அத்தாவும் சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்துப் பார்த்தோம். நடுவர் உன்னைக் கோட்டருகே நிறுத்தி, வாயைத் திறக்காமல், தன் தலையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். நீ திரும்பி நடந்துபோய் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாய். வர்ணனையாளர் 'சின்ன உபகரணப் பிரச்சினை' என்றார். வலை அவிழ்ந்தாலும் உபகரணப் பிரச்சினை, பந்தில் காற்று இறங்கினாலும் உபகரணப் பிரச்சினை, என் மகள் தலையும் அதே பட்டியலில். அத்தா எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்பநேரம் கை கழுவினார். அதைவிட மோசம் மறுநாள் வந்தது. நம் ஊர்ப் பெண் என்பதால் எங்கள் பேப்பரில் உன் ஆட்டத்துக்கு நாலு வரி போடுவார்களே, அதில் கடைசி வரி, லிபரோ காயம் காரணமாக ஆடவில்லை. நான் சம்பளம் வாங்குகிற பேப்பர். மாடியேறி விளையாட்டு டெஸ்க்குக்குப் போனேன். அங்கிருக்கும் பொறுப்பாசிரியரை உனக்குத் தெரியும், நீ மாவட்ட அணியில் இருந்தபோது உன்னைப் பேட்டி எடுத்து உயரத்தைத் தப்பாகப் போட்டவர். 'அக்கா, ஏஜென்சில அப்படித்தான் வந்துச்சு' என்றார். ஏஜென்சிக்கு யார் சொன்னது என்று கேட்டால் உன் கிளப் மேனேஜர். திருத்தம் போடுங்கள் என்றேன். 'போட்டா காரணம் எழுதணுமேக்கா, காரணம் எழுதினா அது ஸ்போர்ட்ஸ் நியூசா இருக்காது' என்றார். அப்படியானால் முதல் பக்கத்தில் போடுங்கள் என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். திருத்தங்கள் சனிக்கிழமைதோறும் வரும், பார்க்கலாம் என்றார். அதற்குள் பேப்பரில் பெண்கள் பக்கம் பார்க்கிறவள் பிடித்துக்கொண்டாள், ஒரு தாயின் பார்வையில் என்று ஒரு கட்டுரை வேண்டுமாம், 'கண்ணு கலங்கற மாதிரி எழுதுங்க' என்கிறாள். முதலில் கண்ணால் பார்த்ததை உள்ளபடி போடுங்கள், கலங்குவதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கதைக்கு வருகிறேன். சீட்டு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, அத்தா தன் அக்காவிடம் சொல்லிவிட்டார், அக்காவிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். உன் பெரிய மாமி அன்றே ஒரு பெரிய பாட்டில் எண்ணெயோடு வந்துவிட்டார். 'புள்ளைக்குத் தலையில என்னாச்சு, முடி கொட்டுதா' என்று ஆரம்பித்தார். ஒன்றும் ஆகவில்லை, ஆனதாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று விளக்கி முடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. எல்லாம் கேட்டுவிட்டு, 'சரி, இல்லாத சீக்கை எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு மாப்ள வீட்டுக்காரங்க காதுல விழுந்தா என்ன சொல்றது? இல்லாத சீக்கை இல்லன்னு எப்படி நிரூபிக்கறது?' என்றார். இத்தனை பேர் பேசியதில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டது மாமிதான், அவர் கேட்ட காரணம் வேறாக இருந்தாலும். எண்ணெய்ப் பாட்டிலை வைத்துவிட்டுத்தான் போனார். 'இருக்கட்டும், எதுக்கும்' என்றார்.

அவர் போனதும் பள்ளிவாசல் கமிட்டிச் செயலாளர் வந்தார், நம் மைக் மாமா. கையில் கிடைத்த மைக்கைத் திருப்பிக் கொடுத்ததாக அவருக்குச் சரித்திரமே கிடையாது. நீ வெளிநாட்டு கிளப்பில் சேர்ந்தபோது, பெண்பிள்ளைகள் குதிப்பதை உலகமே உட்கார்ந்து பார்க்கிறது என்று பெயர் சொல்லாமல் பேசினாரே, அவரேதான். இப்போது பழப்பையோடு வந்து, 'நம்ம பொண்ணு தலைத்துணிய விட்டுக் குடுக்கல, ஒரு பாராட்டுக் கூட்டம் வச்சுடலாம்' என்கிறார். அவள் ஆடுவதற்காகவா ஆடாமல் இருப்பதற்காகவா என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், 'ஆடாம இருக்கறதுலதாம்மா பெருமை' என்றார். நீ விரல் பிசகியும் ஆடிய வருஷங்களில் ஒரு கூட்டம் கிடையாது, பென்ச்சில் உட்கார்ந்ததும் மேடை, மாலை, பேனர். பழம் நன்றாக இருந்தது, கூட்டம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். உன் கிளப் உன்னைப் போஸ்டரில் ஒட்டிவைத்திருக்கிறது, இவர் பேனரில் கட்டப் பார்க்கிறார். கோர்ட்டுக்குள் உன்னை விடச் சொல்லி மட்டும் இரண்டு பக்கத்திலும் ஒருவரும் சத்தம் போடவில்லை.

அத்தா வேறு மாதிரி. அவர் பம்ப் செட் பழுது பார்க்கிறவர், ஓடாமல் நிற்கிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 'குடுத்துட்டு ஆடட்டும். சீட்டுல என்ன எழுதியிருந்தா என்ன, பந்து அதைப் படிச்சா பாக்குது' என்கிறார். 'உன் பேப்பர்ல நியாயம் நாளைக்கும் வரும், அடுத்த வாரமும் வரும். அவ முழங்காலுக்கு இன்னும் எத்தனை வருஷம்னு நினைக்கற' என்று என்னிடம் கேட்டார். சின்ன வயசில் உன்னைக் கீழே போட்டுக் கீழே போட்டுப் பந்து எடுக்கப் பழக்கி, ரப்பர் மாதிரி எழுந்துகொள்கிறாள் என்று பெயர் வைத்தவர் அவர், அவருக்குப் பேச உரிமை உண்டு. சனிக்கிழமை மூன்றாம் ஆட்டத்துக்கும் நீ இல்லை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் வேறு லிபரோவைப் பதிவு செய்துவிடுவோம் என்று மேனேஜர் உன்னிடம் சொன்னதையும், ஒப்பந்தம் போனால் அங்கே தங்கும் அனுமதியும் போகும் என்பதையும் அவர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

ஆனாலும் என்னைக் கேட்டால் கொடுக்காதே என்பேன். கேட்காமலே சொல்கிறேன். இது மார்க்கத்துக்காகச் சொல்வது இல்லை, அதில் நீ என்னைவிடத் தெளிவு. வீம்புக்கும் இல்லை. இருபத்தாறு வயசில், ஒரு குறையும் இல்லாத தலையை நோய் என்று நீயே எழுதிக் கொடுத்தால், அடுத்த சீசனில் குணமாகிவிட்டதா என்று கேட்பார்கள். குணமாகிவிட்டது என்றால் துணியை எடு என்பார்கள். அதனால் வருஷா வருஷம் நோயாளியாகவே இருப்பது உன் வேலையாகிவிடும், இல்லாத அரிப்புக்குச் சொறிந்துகொண்டே இருக்கவேண்டும். உனக்குப் பின்னால் இன்னொரு பெண் இதே கட்டோடு வருவாள், கட்டாயம் வருவாள், அவளிடம் உன் சீட்டைக் காட்டி, இவள் எவ்வளவு ஒழுங்காகக் கொடுத்தாள் பார் என்பார்கள். இதைச் சொல்வது எனக்குச் சுலபம் என்பதும் தெரியும். அந்தப் பென்ச்சில் உட்காரப்போவது நான் இல்லை, பெட்டி கட்டவேண்டி வந்தால் கட்டப்போவதும் நான் இல்லை. நீ கொடுத்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் சர்க்கரை டப்பாமேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்துக்கொண்டு உட்காருவேன், நீ பந்தை எடுத்தால் கத்துவேன். ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். ஆனால் யாராவது உன் பெண்ணுக்குத் தலையில் என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். அதை மட்டும் மாற்றிச் சொல்ல எனக்கு வராது.

சில புத்தி. மேனேஜர் வாயால் எது சொன்னாலும் எழுத்தில் கேள், தர மறுத்தால் அவர் சொன்னதை நீயே எழுதி, நான் இப்படிப் புரிந்துகொண்டேன் என்று அவருக்கு அனுப்பிவை. டாக்டர் அறைக்குப் பயிற்சியாளரோடு தனியாகப் போகாதே. கைப்பேசியில் வருகிற வசவையும் வாழ்த்தையும் ஒரே மாதிரி படிக்காமல் விட்டுவிடு. ஆடவிடாவிட்டாலும் பயிற்சிக்கு ஒருநாளும் போகாமல் இருக்காதே, அவள் வரவில்லை என்ற ஒரு வரியை அவர்களுக்குக் கொடுத்துவிடாதே. இடது கணுக்காலுக்குக் கட்டுப் போடாமல் இறங்காதே. சாப்பிடு. இங்கே அத்தாவின் முதுகுவலி தேவலை, நெட்டைக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்த நல்ல செய்தியைக்கூட இந்தச் சனியன் பிடித்த சீட்டுக்கு அடியில் எழுதவேண்டியிருக்கிறது.

இனி, நிலுவையில் இருப்பவை. நடுவர் உன்னைத் தடுத்ததை மறுபரிசீலனை செய்யச் சொல்லி நீ முன்பே கொடுத்த மனு வியாழக்கிழமை மாலை குழுவின் முன்னால் வருகிறது. மருத்துவச் சீட்டைக் கொடுக்கக் கடைசி நேரம் அதே வியாழக்கிழமை மதியம். வரிசையைக் கவனித்தாயா, பதில் தெரிவதற்கு முன்னால் நீ நோயாளியாகிவிடவேண்டும். மதியம் சீட்டு வந்துவிட்டால் மாலையில் மனுவை எடுக்கவேண்டியதில்லை என்றும் செயலாளர் சொன்னார், அதைச் சொல்லும்போதுதான் அவர் குரலில் முதல்முதலாக ஒரு நிம்மதி கேட்டது. போனை வைத்ததும் நேராக மாடியேறி விளையாட்டு டெஸ்க்குக்குப் போய்த் திருத்தம் என்னவாயிற்று என்று கேட்டேன். அந்தத் தம்பி என்னை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, 'வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்கக்கா. பாப்பா சீட்டைக் குடுத்துட்டா, ஏதோ உடம்புக்குன்னு நாம போட்டது சரியாப் போயிடும். திருத்தமே தேவைப்படாது' என்றார். பொய்யை முதலில் அச்சடித்துவிட்டு, அதை உண்மையாக்கிக் கொடுக்க உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அல்லாஹ் உன் கால்களுக்கு வலுவும் உன் மனதுக்குத் தெளிவும் தரட்டும், அவன் கொடுத்த தலை அவன் கொடுத்தபடியே நலமாக இருக்கட்டும். வியாழக்கிழமை மதியம் எதுவானாலும் செயலாளருக்கு முன்னால் எனக்கு ஒரு வரி அனுப்பு, மறந்துவிடாதே. இரண்டு வரித் திருத்தம் எழுதி மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். லிபரோவுக்குக் காயம் எதுவும் இல்லை, தலைத்துணி காரணமாக அவரை ஆட அனுமதிக்கவில்லை, தவறுக்கு வருந்துகிறோம். சனிக்கிழமைக்கு அது அச்சுக்குப் போகுமா போகாதா என்பது இந்த நிமிஷம் வரை உறுதியாகவில்லை.

உன் அம்மா